தொண்டும் கைம்மாறும்

நல்லது செய்கிறவனைச் சந்தேகப்படுவது நம்முடைய பழைய பழக்கங்களில் ஒன்று. ஒருவன் வட்டிக்குப் பணம் கொடுத்தால் நமக்குப் புரிகிறது. ஓட்டுக்குப் பணம் கொடுத்தால்கூடப் புரிந்துகொள்கிறோம். ஆனால் ஒரு வாலிபன் சனிக்கிழமை மத்தியானம் சினிமாவுக்குப் போகாமல், தனக்கு உறவோ முறையோ இல்லாத ஒரு கிழவியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கைபிடித்து அழைத்துப் போனால், 'இதிலே இவனுக்கு என்ன கிடைக்கும்?' என்ற கேள்வி அந்தத் தெருவில் நாலு வாசலிலாவது எழுந்துவிடுகிறது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். இலவசமாக வந்ததற்கெல்லாம் பிற்பாடு வேறு வழியில் விலை கொடுத்தவர்கள். அவர்களுடைய சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தோடு கொஞ்சம் வாதாடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு நகரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி இல்லாமல் கல்லாவில் உட்காரமாட்டார். அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். அந்த ஊரில் உள்ள ஒரு கிறிஸ்தவ இளைஞர் மையத்துக்கு வாரம் தவறாமல் போய் வருகிறான். பந்தடிக்கப் போனவன், அங்கே இருந்த பையன்களோடு சேர்ந்து பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மூன்று தெருக்களுக்கும் போக ஆரம்பித்தான். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுப்பது, ரேஷன் கடையில் நின்று அரிசி வாங்கி வருவது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, கணக்கு வராத குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது - இவைதாம் அவர்களுடைய வேலைகள். பத்திரிகையில் படம் போடும்படியான காரியம் ஒன்றும் இல்லை.

நண்பர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க நாலு விஷயம் தெரிஞ்சு எழுதுறவங்க. இவன் அங்கே போகலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவருக்கு மூன்று சங்கடங்கள். முதலாவது, இது மதத்துக்கு ஆள் சேர்க்கிற வேலையோ என்பது. இரண்டாவது, வருஷக் கடைசியில் பையன்களுக்கு ஒரு சான்றிதழ் தருகிறார்களாம். கூலி வாங்கிக்கொண்டு செய்வது தொண்டாகுமா என்பது. மூன்றாவதை அவர் ஒரு வியாபாரியின் அனுபவத்திலிருந்து சொன்னார். "கடனுக்குக் குடம் வாங்கிட்டுப் போனவன் அப்புறம் நம்ம கடை வழியா வரமாட்டான், அண்ணாச்சி. அடுத்த தெரு வழியாச் சுத்திப் போவான். உதவி வாங்கினவனும் அப்படித்தானே? இந்தப் பயலுவ போய் உதவி செஞ்சு, அந்தக் கிழவிகளை இன்னும் கூனிக் குறுக வைக்கிறாங்களோன்னு எனக்கு ஒரு எண்ணம்."

மூன்றில் இந்தக் கடைசிக் கேள்விதான் பெரியது. அதற்கு வருமுன் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

கூலியைப் பற்றிய கேள்வி உண்மையில் நோக்கத்தைப் பற்றிய கேள்வி. தொண்டு செய்கிறவனின் மனசு சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கிறோம். கிறிஸ்தவ இளைஞர் அமைப்புகளின் சரித்திரத்தையே இதற்குச் சாட்சிக்கு அழைக்கலாம். ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் சொல்லும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1844 ஜூன் 6-ஆம் தேதி லண்டனில், செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே ஒரு ஜவுளிக் கடையில் பிறந்தது. அதைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் பிரபு அல்லர், பாதிரியாரும் அல்லர். துணி கிழித்துக் கொடுக்கும் கடைச் சிப்பந்தி. வயது 22. கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த அத்தகைய பையன்கள் நாள் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, அந்தக் கட்டடத்திலேயே நெருக்கியடித்துப் படுத்துக்கொள்வார்கள். ஓய்வு கிடைத்தால் போக இடம் தெருவும் சாராயக் கடையும்தான். தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். பிறருக்குச் சேவை என்ற பெரிய எண்ணமெல்லாம் பிறகு வந்தது. தன் தேவைக்காகக் கூடியவன்தான், பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவனுக்கும் அதே தேவை இருப்பதைக் கண்டுகொள்கிறான்.

இன்னொருவர் ஹென்றி டியூனாந்த். ஜெனீவாக்காரர். 1852-ல் அந்த நகரத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஓய்வு நேரத்தில் ஏழைகளையும் சிறைக் கைதிகளையும் பார்த்து வந்த வாலிபர். ஆனால் அவருடைய பெயரை உலகம் அறியச் செய்த காரியம் தொண்டு நோக்கத்தோடு தொடங்கவில்லை. அல்ஜீரியாவில் அவருக்கு ஒரு வியாபாரம் இருந்தது. அதில் ஏற்பட்ட சிக்கலைத் தீர்த்துக்கொள்ள, பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனை நேரில் பார்க்க வேண்டும் என்று, சக்கரவர்த்தி படையோடு இருந்த வட இத்தாலிக்குப் போனார். 1859 ஜூன் 24-ஆம் தேதி சோல்பெரினோவில் போர் நடந்தது. காயம்பட்ட பல்லாயிரம் பேர் தண்ணீருக்கும் ஆளில்லாமல் கிடந்தார்கள். காஸ்டிலியோனே என்ற பக்கத்து ஊரின் கோயில்களிலும் வீடுகளிலும் அவர்களைக் கிடத்தி, எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் அவ்வூர்ப் பெண்கள் காயத்தைக் கழுவினார்கள். வியாபாரத்துக்கு வந்தவர் அவர்களோடு சேர்ந்து நின்றார். அதிலிருந்துதான் 1863-ல் செஞ்சிலுவை இயக்கத்தின் முதல் குழு பிறந்தது.

டியூனாந்தின் நோக்கத்தைத் தராசில் வைத்து நிறுத்தால் என்ன தேறும்? ஜெனீவாவிலிருந்து புறப்பட்டபோது அவர் மனசில் இருந்தது நிலமும் தண்ணீர் உரிமையும்தான். அந்தக் கோயில் தரையில் கிடந்தவனுக்கு அதைப்பற்றி என்ன? அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு வாய்த் தண்ணீர். நோக்கம் சுத்தமான பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருக்கிறவன் எந்த நாளும் தொடங்கமாட்டான். அழுக்குத் துணி துவைக்கத் துவைக்கத்தான் வெளுக்கிறது. மனசும் வேலை செய்யச் செய்யத்தான் வெளுக்கிறது.

சான்றிதழும் அப்படித்தான். நம் சர்க்காரே காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி, இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்யும் மாணவனுக்குச் சான்றிதழ் உண்டு என்று வைத்திருக்கிறது. மணி கணக்கிட்டுச் செய்வது தொண்டா என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். அந்தக் காகிதம் ஒரு பையனை, அவன் வாழ்நாளில் நுழைந்திராத ஒரு தெருவுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவ்வளவு தூரம் அதற்கு வேலை உண்டு. 241-ஆவது மணியில் அவன் எங்கே இருக்கிறான் என்பதைப் பார்த்துவிட்டு, பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.

இனி, மதத்தைப் பற்றிய கேள்வி. இதை மழுப்பிவிட்டுப் போவது நேர்மையாகாது. பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டி அவனுடைய சாமியை மாற்றச் சொல்வது கேவலமான வியாபாரம். எந்த மதத்தார் செய்தாலும் அப்படித்தான். ஆனால், 'சோற்றுக்கு மதம் மாறியவர்கள்' என்ற ஏச்சில் அதைவிடக் கேவலமான ஒன்று ஒளிந்திருக்கிறது. அவர்களுக்குச் சோறு இல்லாமல் இருந்தபோது நாமெல்லாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வியை அந்த ஏச்சு சாமர்த்தியமாக மறைத்துவிடுகிறது.

நம்பிக்கை உள்ளவன் அந்த நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொண்டுக்கு வரவேண்டும் என்பதும் சரியல்ல. என் நண்பர் சித்திரை வெயிலில் கடை வாசலில் பானை வைத்து நீர்மோர் ஊற்றுகிறார். முருகன் பெயரால்தான் ஊற்றுகிறார். குடிக்க வருகிறவர்கள் யாரும் அவரை விபூதியை அழித்துவிட்டு வரச் சொல்வதில்லை. 'முருகா என்று சொன்னால்தான் மோர்' என்று அவர் சொன்னால் மட்டுமே அது தப்பு. ஆகவே பரீட்சை சுலபமானது. ஜெபத்துக்கு வராத வீட்டுக்கும் அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன்கள் போகிறார்களா? கோயில் அன்னதானத்துக்கும் இதே பரீட்சைதான். கட்சிக்காரர்களின் நல உதவிக்கும் இதே பரீட்சைதான்.

மார்த்தாண்டத்துக் கதையை இங்கே சொல்ல வேண்டும். சேலத்தில் பிறந்த கே.டி. பால் 1916-ல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச் செயலாளரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். பட்டணத்து மாணவர்களுக்கு விடுதியும் வாசகசாலையும் நடத்திவந்த சங்கத்தைக் கிராமத்தின் பக்கம் திருப்பியவர்களில் முக்கியமானவர். அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் 1920-களில் சங்கத்தின் கிராம நிர்மாண மையம் ஏற்பட்டது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அதை நடத்தினார். அவருடைய கொள்கையின் சாரம் இதுதான்: வெளியிலிருந்து வருகிறவன் யோசனை சொல்லலாம், காரியத்தைச் செய்ய வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். கோழி வளர்ப்பு, கூட்டுறவு முறையில் முட்டை விற்பனை, தேனீ வளர்ப்பு என்று சின்னச் சின்ன வேலைகளைக் கையிலெடுத்தார்கள். அந்தந்த ஊர் வாலிபர்களையே வேலைக்காரர்களாக்கினார்கள்.

இவற்றில் தேனீ விஷயம் என் மனசுக்கு மிகவும் பிடித்தது. முன்பெல்லாம் தேன் எடுப்பது என்றால் மரப் பொந்தைப் புகைபோட்டு, அடையைப் பிய்த்து, புழுவும் முட்டையும் நசுங்கப் பிழிவதுதான். கிடைப்பது ஒருநாள் தேன், கூடு நாசம். திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற அளவில் 1910-களில் ஒரு மரப்பெட்டியை அமைத்திருந்தார். அதில் சட்டத்தைத் தனித்தனியே உருவலாம். சுழற்றும் இயந்திரத்தில் வைத்துத் தேனை மட்டும் எடுத்துவிட்டு, அடையைச் சேதமில்லாமல் திரும்ப வைத்துவிடலாம். பலமான ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு பெட்டி கொடுக்கலாம்; கொடுத்தவன் பெட்டியிலும் சில வாரங்களில் பழையபடி தேனீ நிறைந்துவிடும். மார்த்தாண்டத்தைச் சுற்றிய ஊர்களில் வீட்டுக் கொல்லைகளிலும் தோப்புகளிலும் இந்தப் பெட்டிகள் பரவின. கொடுப்பதால் குறையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததுதான் அந்த மையத்தின் புத்திசாலித்தனம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1991-92-இல், ஒரு வைரஸ் நோய் வந்து தென்னாட்டில் பெட்டிகளில் இருந்த தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. வெறும் தானமாக வந்த காரியமாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அங்கே முடியவில்லை. பிழைத்திருந்த கூட்டங்களைத் தேடிப் பிடித்துப் பெருக்கி, மறுபடியும் பெட்டிகளை நிரப்பினார்கள் ஊர்க்காரர்கள். ஹாட்ச் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. வித்தை அதற்குள் அவர்களுடையதாகிவிட்டிருந்தது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். உதவி வாங்கினவன் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவானே, அதற்கு என்ன செய்வது?

நண்பரின் மகனோடும் அவன் கூட்டாளிகளோடும் ஒரு சனிக்கிழமை நானும் அந்தத் தெருக்களுக்குப் போனேன். ஒரு வீட்டில் ஒரு பாட்டி இருந்தாள். இட்லி விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவள். பிள்ளைகள் வெளியூரில். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மறு கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள். பையன்கள் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைச் சரிபார்த்தார்கள். அதற்குள் அவள் அடுப்பைப் பற்றவைத்துக் கருப்பட்டிக் காப்பி போட்டு, நாலு தம்ளர்களில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போகிற வீட்டில் எதையும் வாங்கக்கூடாது என்பது அவர்கள் மையத்தின் விதி. நல்ல எண்ணத்தோடு செய்த விதிதான்.

"வேண்டாம் பாட்டி, எங்களுக்கு விதி இருக்கு" என்றான் ஒருவன்.

பாட்டியின் முகம் மாறிவிட்டது. "ஏன்யா, எங்கையால வாங்கிக் குடிக்க ஒங்களுக்கு ஆகாதோ? அப்படின்னா நீங்களும் இனிமே இந்த வாசப்படி ஏற வேண்டாம். தண்ணிய நான் தட்டுத் தடுமாறிப் பிடிச்சுக்கிடுதேன்."

அந்தப் பையன்கள் பயந்துவிட்டார்கள். நம் நாட்டில் நீட்டிய தம்ளரை வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு. எத்தனையோ வாசல்களில் எத்தனையோ பேர் அந்த அர்த்தத்தை விழுங்கியிருக்கிறார்கள். மையத்தின் விதி எழுதியவருக்கு அது தோன்றவில்லை. பாட்டிக்கு அது மட்டும்தான் தோன்றியது. நண்பரின் மகன்தான் முதலில் கையை நீட்டித் தம்ளரை வாங்கினான். மற்றவர்களும் வாங்கினார்கள். நானும் குடித்தேன். "சர்க்கரை போட்டா எனக்குப் பிடிக்காதுய்யா, அதான் கருப்பட்டி" என்று பாட்டி சமாதானமாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அன்று மாலையே பையன்கள் போய் மையத்தின் பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் யோசித்துவிட்டு, "காசு வாங்காதீங்க, காப்பி குடிங்க" என்று விதியைத் திருத்திவிட்டாராம்.

ஒரு தம்ளர் காப்பியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தம்ளரை நீட்டியபோது அவள் உதவி பெறுகிறவளாக இல்லை. வந்தவர்களை உபசரிக்கிற வீட்டுக்காரியாக இருந்தாள். அந்த இடத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக எத்தனை குடம் தண்ணீர் பிடித்து வைத்தாலும் கணக்கு நேராகாது. எல்லாம் கொடுப்பேன், எதுவும் வாங்கமாட்டேன் என்று நிற்கிறவன் மேட்டில் நிற்கிறான். அவனுக்கே தெரியாமல் எதிரே இருப்பவனைப் பள்ளத்தில் இறக்கிவிடுகிறான்.

கைம்மாறு கருதாமல் செய்வதுதான் உயர்ந்தது என்று நாம் சின்ன வயசிலிருந்து படித்து வருகிறோம். வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்னால், தனியாக, ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதன் முதல் உவமை மழை. மழைக்கு யார் என்ன திருப்பிக் கொடுக்க முடியும்? ஆனால் மழையின் முன்னால் யாரும் கூச்சப்படுவதில்லை. மனிதன் முன்னால் மனிதன் கூச்சப்படுகிறான். ஆகவே, கொடுக்கிறவன் கைம்மாறு கேட்கக்கூடாது என்பது எவ்வளவு உண்மையோ, வாங்குகிறவன் தானாகத் தருகிற கைம்மாறைத் தட்டக்கூடாது என்பதும் அவ்வளவு உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது கொடுக்கிறவனின் ஒழுக்கம். இரண்டாவது வாங்குகிறவனின் உரிமை. ஒப்புரவு என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பு இருக்கிறது.

அதே அதிகாரத்தில் வேறு மூன்று உவமைகள் வருகின்றன. நீர் நிறைந்த ஊருணி, ஊருக்குள் பழுத்த மரம், மருந்தாகும் மரம். மூன்றும் ஓரிடத்தில் நிற்பவை. நேற்று வந்தவன் இன்றைக்கும் வரலாம். அது அங்கேயே இருக்கும். சொந்த ஊரில், சொந்தத் தெருவில் தொண்டு செய்கிற வாலிபனுக்குக் கிடைக்கிற பெரிய வசதி இதுதான். பேரிடர் நடந்த இடத்துக்கு லாரியில் போகிறவன் நல்லவன்தான். ஆனால் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்த பிறகு நாகப்பட்டினத்துப் பக்கம் சாலையோரங்களில் குவிந்து கிடந்த பழைய துணிகளை நாடே பார்த்தது. கொடுத்தவர்கள் கொட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். எது வேண்டும் என்று கேட்க நின்றவர்கள் குறைவு. தெருப் பையன் அப்படித் திரும்பிவிட முடியாது. செய்த மனு தப்பாகப் போனால் மறுநாள் பால் வாங்கப் போகையில் பாட்டி நிறுத்திக் கேட்பாள்.

கிறிஸ்தவர்கள் நன்கறிந்த நல்ல சமாரியன் கதையிலும் என் மனசு நிற்கிற இடம் இதுதான். வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனின் காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் சேர்த்ததை எல்லோரும் சொல்வார்கள். சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்துவிட்டு, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று அவன் சொன்னதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இரக்கம் யாருக்கும் ஒரு கணம் வரும். திரும்பி வருகிறேன் என்பதுதான் அரிது.

இவ்வளவையும் நண்பரிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "போகட்டும். எந்தக் கதவு வழியாக அந்தத் தெருவுக்குப் போனான் என்பதைவிட, அங்கே போய் என்ன செய்கிறான் என்பதைப் பாருங்கள்" என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பார்க்கிறேன்" என்றார். தகப்பன் அப்படித்தான் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். மையங்களை நடத்துகிறவர்களும் மனிதர்கள்தாம். டியூனாந்தின் வியாபாரம் நொடித்து அவர் திவாலானபோது செஞ்சிலுவைக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். தாம் தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கமும் அவரை வெளியேற்றியது. அதே மனிதருக்குத்தான் 1901-ல், பிரெடெரிக் பாஸியோடு சேர்த்து, முதல் நோபல் சமாதானப் பரிசைக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை அவர் வறுமையிலேயே கழித்தார். ஊருக்கெல்லாம் இரங்கும் சங்கம் தன் வீட்டுப் பிள்ளைக்கு இரங்கத் தவறலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. ஆகவே எந்த மையத்தையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டாம். அதன் வாசலிலிருந்து புறப்பட்டுப் போகும் பையன்கள் பாட்டியின் வாசலில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கொண்டே அதை மதிப்பிடலாம்.

அந்தப் பையன்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. உங்கள் மனசு சுத்தமாக இருக்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு முடிவே இல்லை. கையிலிருக்கும் மனுவில் கதவு எண் சரியாக இருக்கிறதா, பாட்டியின் மாத்திரை திங்கட்கிழமை வரைக்கும் காணுமா என்று பாருங்கள். அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னால் வாருங்கள். தருகிற காப்பியை வாங்கிக் குடியுங்கள்.